திருப்பத்தில் வண்டி ஏன் திமிறுகிறது?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நண்டும் கணவாயும் ஏற்றுகிற பழைய ஃபோர் வீல் பிக்கப் வண்டி, அதாவது லீவரைப் போட்டால் நான்கு சக்கரத்தையும் எஞ்சினே ஓட்டும் வகை. நேர் ரோட்டில் 60-இல் போனாலும் அலுங்குவதில்லையாம். ஐஸ் கம்பெனி வாசலில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெல்லத் திருப்பினால் மட்டும் அடியிலிருந்து ‘கடக், கடக்’ என்று உதறுகிறது. யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல நின்று நின்று நகர்கிறது. ஷாஃப்டை மடங்கவிடும் இணைப்பான கிராஸ் ஜாயின்ட் மாற்றியாயிற்று, வீல் பேலன்ஸ் பார்த்தாயிற்று, எலுமிச்சம்பழமும் நசுக்கியாயிற்று. இன்னும் என்னதான் பார்க்க வேண்டும் என்கிறார்.

துப்பு அவர் கேள்வியிலேயே இருக்கிறது. வேகம் ஏற ஏற அதிர்வும் ஏறினால், சுழல்கிற ஏதோ ஒன்று சமநிலை தவறியிருக்கிறது என்று சக்கரத்தையோ, எஞ்சின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டையோ சந்தேகிக்கலாம். இவர் வண்டியில் அதிர்வு வளைவைப் பொறுத்து வருகிறது.

மாட்டுவண்டியில் இரண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியாகச் சுழலும். திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடும், உள் சக்கரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும், சண்டையே இல்லை. எஞ்சின் வண்டியில் ஒரே ஷாஃப்ட் இரண்டு சக்கரத்தையும் ஓட்ட வேண்டியிருப்பதால் நடுவில் டிஃபரன்ஷியல் வேண்டும்: இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரக் கூட்டம். நம் பட்டறைகளில் ‘கிரவுன்’ என்பார்களே, அதற்குள் இருப்பது. பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர் 1827-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இது பள்ளிப் பாடம், தாண்டிப் போவோம்.

இடது வலது கணக்கு இப்படித் தீர்ந்தது. முன் பின் கணக்குதான் எனக்குப் பிடித்த இடம். ஈர மணலில் ஒரு வண்டி வட்டமடித்த தடத்தைப் பாருங்கள். இரண்டு கோடு இருக்காது, நான்கு இருக்கும். முன் சக்கரங்கள் எப்போதும் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர் இடைவெளி, பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வையுங்கள். பிதாகரஸைக் கூப்பிட்டால் முன் அச்சின் நடுப்புள்ளிக்கு ஆரம் 5.83 மீட்டர். கால் வட்டம் திரும்பி முடிப்பதற்குள் பின்பக்கம் 7.85 மீட்டர், முன்பக்கம் 9.16 மீட்டர். வித்தியாசம் 1.3 மீட்டர். டயரின் சுற்றளவே 2.2 மீட்டர் அளவுதான். ஆக, முன் சக்கரங்கள் அரைச் சுற்றுக்கு மேல் கூடுதலாக உருள வேண்டும்.

டூ வீலில், அதாவது பின் சக்கரங்களை மட்டும் எஞ்சின் ஓட்டும்போது, முன் சக்கரங்கள் தம்பாட்டுக்கு உருளும், தொல்லை இல்லை. ஃபோர் வீல் லீவரைப் போட்டுவிட்டால் இந்த மாதிரி வண்டிகளில், எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இரண்டும் ஒரே அளவுதான் சுற்றலாம். அந்த அரைச் சுற்று எங்கே போகும்? வலைக்கயிற்றில் முறுக்கு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறுகிறது. இரும்பு கொஞ்சம்தான் முறுகும். அப்புறம் எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும்: தாரில் டயரின் பிடி. டயர் சட்டென்று வழுக்க, முறுக்கு அவிழ்கிறது. உடனே அடுத்த முறுக்கு ஏறுகிறது. ஒவ்வொரு ‘கடக்’கும் ஓர் அவிழ்ப்பு.

மணலில் இது தெரியவே தெரியாது. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் பல பத்தாண்டுகள் தனுஷ்கோடிக்கு மணலில்தான் ஜீப்பும் வேனும் உருண்டன. 2017-இல்தான் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது. மணலில் டயர் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டே இருக்கும், முறுக்கு சேர இடமில்லை. அப்படி ஓட்டிப் பழகிய கை தாரிலும் லீவரை எடுக்க மறக்கும்.

சரி, சோதனை. லீவரை டூ வீலுக்கு மாற்றுங்கள். வர மறுத்தால் அதுவே பாதிச் சாட்சி: முறுக்கில் கியர் பற்கள் இறுகிக் கிடக்கின்றன. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் இளகும். பிறகு அதே வாசலில் அதே திருப்பம். உதறல் போய்விட்டால் வேலை முடிந்தது.

போகவில்லையா? லீவர் நகர்ந்தும் உள்ளே பூட்டு விடாமல் இருக்கலாம். எஞ்சினை அணைத்து, கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றினால் பூட்டு விட்டிருக்கிறது. அசையவே மறுத்தால், பிரேக் பிடித்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறக்கச் சொல்லலாம். முன் டயர் புதுசு, பின் டயர் மொட்டை என்றாலும் ஃபோர் வீலில் இதே முறுக்கு ஏறும், அதுவும் நேர் ரோட்டிலேயே. பின் கிரவுனில், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் உரசிப் பிடிக்கும் லிமிடெட் ஸ்லிப் தகடுகள் இருந்து தவறான ஆயில் ஊற்றியிருந்தால், தகடுகள் ஒட்டி ஒட்டி விட்டு மெல்லத் திருப்பும்போது ‘கரகர’க்கும்.

நம் கரையில் உப்புக் காற்று வேறு. லீவர் கம்பியும், முன் சக்கரத்தை அதன் அச்சுத் தண்டோடு பூட்டும் ஹப் லாக்கும் துருவேறிச் சிக்கிக்கொள்வது சாதாரணம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலேயே உலோக அரிப்பைச் சோதித்து வந்திருக்கிறது. அந்த அறிவு கடலோரப் பட்டறைச் சுவர்களில் ஒரு தமிழ் அட்டையாகவாவது தொங்க வேண்டாமா? ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கலாம் என்பது என் கட்சி. எலுமிச்சம்பழத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அதன் அமிலம் துருவைக் கொஞ்சம் கரைக்கக்கூடச் செய்யும். டயருக்கு அடியில் வைத்து நசுக்கினால் லீவர் கம்பிக்கு எப்படிப் போய்ச் சேரும்?

கழற்றிய பழைய கிராஸ் ஜாயின்டைப் பட்டறையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது நன்றாகவே இருந்திருக்கும்.