ஒரு திருச்சபை எப்படிச் சுருங்குகிறது?

ஜெர்மனியில் ஒருவர் திருச்சபையை விட்டு விலக நினைத்தால், பங்குத்தந்தையையோ போதகரையோ போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போனால் போதும். சில மாநிலங்களில் பிறப்பு, இறப்பு, திருமணம் பதியும் அலுவலகம். அங்கே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பெரும்பாலான இடங்களில் 30 யூரோ அளவில் கட்டணம் கட்ட வேண்டும். ஏன் விலகுகிறீர்கள் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. அவ்வளவுதான். அப்புறம் சம்பளச் சீட்டில் பிடித்தம் ஒன்று குறையும்.

2022-ல் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து மட்டும் 5,22,821 பேர் இப்படி விலகினார்கள். அதற்கு முன் எந்த ஆண்டிலும் இத்தனை பேர் போனதில்லை. 2023-ல் 4 லட்சம் பேர், 2024-ல் 3.2 லட்சம் பேர். புராட்டஸ்டன்ட் சபைகளிலிருந்தும் 2024-ல் ஏறக்குறைய 3.45 லட்சம் பேர் போனார்கள். 1950-களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏதாவது ஒரு சபையின் உறுப்பினராக இருந்தார்கள். இன்று இரண்டு பெரிய சபைகளின் உறுப்பினர்களைக் கூட்டினாலும் மக்கள்தொகையில் பாதியைத் தொடவில்லை.

இந்தக் கணக்கைப் பார்க்கும் எவருக்கும், 'இத்தனை பேர் திடீரென்று கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டார்களா?' என்றுதான் கேட்கத் தோன்றும். சமூகவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகத் திரட்டிய தரவு வேறு கதை சொல்கிறது. நம்பிக்கை போன கதை உண்மைதான். ஆனால் அது போன இடமும் காலமும் அந்த நீதிமன்ற மேசையில் இல்லை.

முதலில் அந்தப் பிடித்தத்தைப் பார்த்துவிடலாம். ஜெர்மனியில் சபை உறுப்பினர்கள் தேவாலய வரி கட்டுகிறார்கள். வருமான வரியின் மேல் போடப்படும் வரி இது. பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் ஆகிய இரு மாநிலங்களில் வருமான வரித் தொகையில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். ஆண்டுக்கு 6,000 யூரோ வருமான வரி கட்டும் ஒருவர் மியூனிக்கில் இருந்தால் 480 யூரோ, பெர்லினில் இருந்தால் 540 யூரோ. அரசே சம்பளத்தில் பிடித்து, வசூல் செலவுக்கு ஒரு சிறு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைச் சபைகளுக்குக் கொடுத்துவிடும். வேலைக்காக அங்கே போகும் தமிழர்களில் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வீட்டு முகவரியைப் பதியும்போது படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் 'ரோமன் கத்தோலிக்கர்' என்று எழுதினால், அடுத்து வரும் சம்பளச் சீட்டிலேயே அந்தப் பிடித்தம் வந்து நிற்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1803-ல் ஜெர்மானிய அரசர்கள் திருச்சபையின் நிலங்களையும் சொத்துகளையும் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள். பதிலுக்குச் சபைகளின் செலவு அரசுகளின் தலையில் விழுந்தது. அந்தச் சுமையை உறுப்பினர்களிடமே மாற்றிவிடலாம் என்று 19-ஆம் நூற்றாண்டில் தேவாலய வரி கொண்டுவரப்பட்டது. 1919-ன் வைமார் அரசியலமைப்பு அந்த உரிமையை உறுதிப்படுத்தியது. 1949-ன் அடிப்படைச் சட்டம் அந்தப் பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொண்டது.

ஆக, ஒரு ஜெர்மானியருக்குச் சபை உறுப்பினராக இருப்பதன் விலை மாதாமாதம் கண்ணில் படுகிறது. விலகுவோரில் பலர் இருபதுகளின் பிற்பகுதியிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிலையான வேலை கிடைத்து, பிடித்தம் முதல் முறையாகப் பெரிதாகத் தெரியும் வயது அது. கிழக்கு ஜெர்மனியை மீட்டெடுக்க 1991-ல் ஒரு கூடுதல் வரி வந்தது. அதற்கும் சபைகளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்த ஆண்டுகளில் சபையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை எகிறியது. வீட்டுச் செலவைக் குறைக்க எதை வெட்டலாம் என்று பார்த்தவர்களின் கண்ணில் தேவாலய வரி பட்டது. 2014-லும் அதேதான் நடந்தது. முதலீட்டு வருமானத்தின் மீதான தேவாலய வரியை இனி வங்கியே பிடித்துவிடும் என்று கடிதங்கள் வந்தன. வரி பழையது, வசூல் முறை மட்டுமே புதியது. கடிதம் கண்டு லட்சக்கணக்கானோர் விலகிவிட்டார்கள்.

அப்படியானால் வரிதான் காரணமா? டென்மார்க்கிலும் தேவாலய வரி உண்டு, ஆனாலும் அங்கே பத்தில் ஏழு பேர் இன்னும் உறுப்பினர்கள். அமெரிக்காவில் தேவாலய வரி கிடையாது. அங்கே ஏதாவது ஒரு வழிபாட்டுத் தலத்தின் உறுப்பினர் என்று சொன்னவர்கள் 1999-ல் 70 சதவீதம், 2020-ல் 47 சதவீதம் என்கிறது காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு. வரி இல்லாமலே அதே சரிவு. வரி செய்வதெல்லாம், ஏற்கெனவே உள்ளுக்குள் முடிந்துபோன உறவுக்குத் தேதி குறிப்பதுதான்.

சபைகளின் சொந்தக் குற்றங்களையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, 1946 முதல் 2014 வரையிலான கத்தோலிக்கக் கோப்புகளில் 1,670 குருக்கள் மீதான பாலியல் குற்றச்சாட்டுகளையும், பாதிக்கப்பட்ட 3,677 சிறார்களையும் கண்டறிந்தது. 2022 ஜனவரியில் மியூனிக் உயர்மறைமாவட்டம் பற்றிய அறிக்கை வந்தது. அந்த ஆண்டில்தான் விலகல் உச்சத்தைத் தொட்டது. குற்றவாளியை ஊர் மாற்றி அனுப்பி, குழந்தையின் வாயை அடைத்த ஒரு நிறுவனத்தின் மீது கோபம் வருவது நியாயம். விலகியவர்களில் பக்தி மிகுந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் புராட்டஸ்டன்ட் சபைகளைப் பற்றிய பெரிய ஆய்வு 2024 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன்பே அங்கேயும் விலகல் அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. குற்றங்கள் மீதான இந்தக் கோபமும் வரியைப் போலவே ஓர் உந்துதல். அடியில் இருக்கும் இயக்கம் அதற்கும் பழையது.

அந்த இயக்கத்தைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2025-ல் வெளிவந்தது. யோர்க் ஸ்டோல்ஸ் என்ற சுவிஸ் சமூகவியலாளரும் சக ஆய்வாளர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தரவை ஒப்பிட்டார்கள். மதம் தேயும் இடங்களில் எல்லாம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் அது தேய்கிறது. முதலில் மக்கள் ஆலயத்துக்குப் போவது குறைகிறது. அடுத்த தலைமுறைகளில், என் வாழ்க்கையில் மதம் முக்கியம் என்று சொல்வது குறைகிறது. கடைசியில்தான் நான் இந்த மதத்தைச் சேர்ந்தவன் என்ற அடையாளமே போகிறது. ஜெர்மனி நிற்பது மூன்றாவது கட்டத்தில். 1950-ல் கத்தோலிக்கர்களில் பாதிப் பேர் ஞாயிறு திருப்பலிக்குப் போனார்கள். 2024-ல் போனவர்கள் 6.6 சதவீதம். அதாவது இன்று படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவரின் கதை, அவருடைய பாட்டி காலத்திலேயே தொடங்கிவிட்டது.

ஒரு குடும்பத்தை மனதில் கொண்டுவந்தால் இது புரியும். பாட்டி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர், சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லாமல் தட்டைத் தொடாதவர். அவருடைய மகளுக்குக் கடவுள் மேல் மரியாதை உண்டு, ஆனால் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டும் போவார். அந்த மகள் தன் பையனுக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறார், ஏனென்றால் பாட்டி வருத்தப்படுவார். பையன் 14 வயதில் உறுதிபூசுதல் என்ற, விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கைப் பெறுகிறான், பரிசுகள் வாங்குகிறான். வீட்டில் யாரும் ஜெபம் செய்து அவன் பார்த்ததில்லை. 28 வயதில் நல்ல வேலை, நல்ல சம்பளம், அந்தப் பிடித்தம். பாட்டியும் இறந்துவிட்டார். அவன் விலகுகிறான். யாரோடும் சண்டையில்லை, எந்தத் தத்துவ நூலும் படிக்கவில்லை. அவனுக்குப் பிறக்கும் மகளுக்குத் திருமுழுக்கு கிடையாது. அவள் எதிலிருந்தும் விலகப்போவதும் இல்லை.

பிரிட்டனின் கணக்கெடுப்புகளை ஆராய்ந்த டேவிட் வோவாஸும் அலஸ்டேர் கிராக்கெட்டும் 2005-ல் இதை எண்ணால் சொன்னார்கள். பெற்றோர் இருவரும் மதப்பற்று உள்ளவர்களாக இருந்தால் பிள்ளைக்கு அது போய்ச் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. ஒருவர் மட்டும் என்றால் கால் பங்கு. இருவரும் இல்லையென்றால் கிட்டத்தட்ட பூஜ்யம். கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரைவாழ்வு என்று சொல்வதுபோல், பிரிட்டனில் மதத்தின் அரைவாழ்வு ஒரு தலைமுறை என்றார்கள். நாத்திகப் பிரசாரமே இல்லாமலும் இந்தக் கணக்கு தானாக ஓடும்.

ஏன் பாதிதான் போய்ச் சேருகிறது? இதற்கு மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009-ல் முன்வைத்த கருத்து எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. பெரியவர்கள் வாயால் சொல்வதைக் குழந்தைகள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சொல்கிறவர் அதற்காக எதையாவது விட்டுக்கொடுக்கிறாரா என்று பார்க்கிறார்கள். நோன்பிருக்கிறாரா, தூக்கத்தை விட்டு எழுகிறாரா, சம்பளத்தில் பங்கைக் கொடுக்கிறாரா, நோயாளியைப் போய்ப் பார்க்கிறாரா? விலை கொடுத்துக் காட்டிய நம்பிக்கை பிள்ளைக்குப் பற்றிக்கொள்கிறது. நல்ல விஷயம், போய் வா என்று ஞாயிறு பள்ளிக்கு அனுப்பிவிட்டு அப்பா வீட்டில் இருந்தால், பிள்ளை அப்பாவைத்தான் பின்பற்றுகிறது.

இந்தச் சங்கிலியை அரசே வலிந்து அறுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனி சாட்சி. 1949-ல் கம்யூனிச அரசு அமைந்தபோது அங்கே பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள். தேவாலயங்களை இடிக்கும் வேலை அந்த அரசின் முக்கிய வழியாக இல்லை. சபைகள் 14 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் உறுதிபூசுதல் (புராட்டஸ்டன்ட் சபைகளில் திடப்படுத்தல்) சடங்குக்குப் போட்டியாக, 1955 முதல் இளைஞர் உறுதிமொழி விழா ஒன்றை அரசு நடத்தியது. அதில் சேராத பிள்ளைகளுக்கு மேற்படிப்பு கிடைப்பது கஷ்டமானது. பெற்றோர் யோசித்துப் பார்த்தார்கள், பிள்ளையின் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1989-ல் அங்கே சபை உறுப்பினர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தார்கள்.

அந்த 1989-ல்தான் லைப்சிக் நகரத்தின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் திங்கள்தோறும் அமைதி வேண்டி ஜெபித்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் திரண்டார்கள். ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் விழுந்தது. சர்வாதிகாரத்தை எதிர்த்து நின்ற சபைகளுக்கு நாடே நன்றி சொன்னது. ஆனால் ஜனங்கள் திரும்பி வரவில்லை. சபையின் மீது மதிப்பு இருந்தது, தடை எதுவும் இல்லை. ஜெபம் எப்படி இருக்கும் என்று வீட்டில் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இல்லை. என்னைப் பொறுத்தவரை வரலாறே நடத்திக்காட்டிய இதைவிட வலுவான சோதனை இந்தத் துறையில் கிடையாது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பகுதி தொலைதூரம் அல்ல. லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் பிறந்தது கிழக்கே சாக்சனியில், படித்தது ஹாலே நகரத்தில். 1706-ல் அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கே தமிழ் அச்சிடுவதற்கான முதல் எழுத்துகள் ஹாலேயில்தான் வார்க்கப்பட்டன. தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறக் காரணமான அந்த ஹாலேயும், லூத்தர் வாழ்ந்த விட்டன்பெர்க்கும் இருக்கிற சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் இன்று சபை உறுப்பினர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தியாவிலிருந்து போன குருக்கள் இன்று ஜெர்மனியின் கத்தோலிக்கப் பங்குகளில் திருப்பலி நிறைவேற்றுகிறார்கள்.

சரி, சபையை விட்டுப் போனவர்கள் தனியாக நம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்று சொல்வதில்லையா? 1990-களில் பிரிட்டிஷ் சமூகவியலாளர் கிரேஸ் டேவி இப்படி ஒரு கருத்தை முன்வைத்தார்: மக்கள் நம்புகிறார்கள், ஆனால் எதிலும் சேர்ந்திருக்கவில்லை. ஆறுதலான கருத்து, ஒரு தலைமுறைக்கு அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் ஜெர்மன் சபைகளே சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு அதைத் தாங்கவில்லை. மக்கள்தொகையில் 56 சதவீதம் பேரை அது மதச்சார்பற்ற வாழ்க்கை வாழ்பவர்களாக வகைப்படுத்தியது. சபைக்கு வெளியே போகிறவர்களிடம் நம்பிக்கையும் சேர்ந்தே தேய்கிறது. சபைக்கு உள்ளே இருப்பவர்களிலும், இயேசுவில் தம்மை வெளிப்படுத்திய கடவுளை நம்புகிறேன் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குள்தான். கூடி வழிபடாத நம்பிக்கையால் ஒருவரின் ஆயுள்வரை தாக்குப்பிடிக்க முடியலாம், அடுத்த ஆளுக்குப் போவதில்லை.

எதிர்த்திசையில் போகும் செய்திகளும் உண்டு. பிரான்சில் 2025 உயிர்ப்பு ஞாயிறையொட்டி 10,384 பெரியவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள், முந்தைய ஆண்டைவிட 45 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 2020 வாக்கில் சரிவு நின்று, கிறிஸ்தவர்களின் பங்கு 60 சதவீதத்துக்குச் சற்று மேலே தங்கியிருப்பதாக பியூ ஆய்வு மையம் சொல்கிறது. இவை அற்பமானவை அல்ல. தானாகத் தேடி வருகிறவர் பிறப்பால் வந்தவரைவிட ஆழமாக வேர்விடுவார். ஆனால் எண்ணிக்கை என்று பார்த்தால், தொட்டிலில் விட்டுப்போனதை வாசலில் ஈடுகட்ட முடியவில்லை. ஜெர்மனியில் 2024-ல் கத்தோலிக்கத் திருமுழுக்குகள் சுமார் 1.16 லட்சம். கத்தோலிக்க அடக்கங்கள் 2 லட்சத்துக்கு மேல். ஒருவர்கூட விலகாமல் இருந்திருந்தாலும் சபை சுருங்கியிருக்கும்.

ஃபிரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் ஒரு கணிப்புச் செய்தார்கள். 2017-ல் இரு சபைகளிலும் சேர்த்து 4.48 கோடிப் பேர். 2060-ல் அது 2.27 கோடியாகும் என்றார்கள். இந்தச் சரிவில் முதுமையும் குறைந்த பிறப்பும் பாதிக்கும் குறைவு, மீதி விலகலும் திருமுழுக்குக் கொடுக்காததும்தான் என்பது அவர்களின் முக்கிய முடிவு. 2024 இறுதியிலேயே எண்ணிக்கை 3.8 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. ஏழே ஆண்டில் 70 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். கட்டடங்களில் இது ஏற்கெனவே தெரிகிறது. ஆகன் நகரத்தின் புனித யோசேப்பு ஆலயம் அஸ்திக் கலசங்கள் வைக்கும் இடமாகிவிட்டது. அதே ஊரின் புனித எலிசபெத் ஆலயம் இணையத்தொழில் முனைவோர் மேசை போட்டு வேலை பார்க்கும் இடமாக மாற்றப்பட்டது.

புராட்டஸ்டன்ட் சபைகள் 2023-ல் திருமுழுக்குக்காகவே நாடு தழுவிய ஓர் இயக்கம் நடத்தின. ஆற்றங்கரை, ஏரிக்கரை, பூங்கா என்று போதகர்கள் வெளியே வந்தார்கள். பெற்றோருக்குத் திருமணம் ஆகவில்லையா, ஒருவர் சபையில் இல்லையா, பெரிய விருந்துக்குப் பணமில்லையா, எதுவாயினும் பிள்ளையைக் கொண்டுவாருங்கள் என்று அழைத்தார்கள். விலகியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு புலம்புவதைவிட இது சரியான இடத்தில் கைவைக்கும் முயற்சி என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போய்த் தங்கள் முதல் சம்பளச் சீட்டைப் பார்க்க இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அதற்குள் அவர்கள் வீட்டில் எதைப் பார்த்து வளர்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த முயற்சியின் பலன்.