மூக்கு நிழலும் அரை டிகிரி சூரியனும்

கல்யாண வீடுகளில் முப்பது வருடமாகப் படம் எடுத்துவரும் ஒரு அண்ணனிடம் போட்டோ கற்றுக்கொள்ளப் போனேன். முதல் நாள் கேமராவைத் தொடவே விடவில்லை. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், உச்சி வெயிலில் தரையில் விழும் என் விரல் நிழலைப் பார்க்கச் சொன்னார்.

விரலைத் தரையை ஒட்டிப் பிடித்தால் நிழல் கத்தியால் வெட்டியது போல இருக்கிறது. கையை மெல்ல உயர்த்த உயர்த்த ஓரம் கரைகிறது, இடுப்பு உயரம் வரும்போது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டருக்கு மங்கிப்போகிறது. நீங்களும் செய்து பாருங்கள், முகப்படத்தின் முக்கால்வாசி சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

சூரியன் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் விட்டமுள்ள கோளம், ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான் தெரிகிறது. கையை நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்கினால் அதுவே ஒரு டிகிரி இருக்கும், அதில் பாதி. இந்தக் கணக்குப்படி, ஒரு பொருளுக்கும் அதன் நிழலுக்கும் உள்ள தூரத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நிழலின் ஓரம் மங்கும். மூக்கு கன்னத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் மங்கல் வெறும் கால் மில்லிமீட்டர். அதனால்தான் மதியப் படங்களில் மூக்குக்குக் கீழே மீசை வரைந்த மாதிரி நிழல் விழுகிறது, புருவத்துக்குக் கீழே கண்கள் குழியாகிவிடுகின்றன.

அப்போ வெயில் குறைந்தால் சரியாகிவிடுமா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வெயில் கூடுதலா குறைவா என்பதல்ல, முகத்திலிருந்து பார்க்கும்போது வெளிச்சம் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. மேகம் மூடினால் வானம் முழுக்கவே விளக்காகிறது. ஒரு மீட்டர் அகல ஜன்னலுக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அந்த ஜன்னல் 53 டிகிரி, சூரியனைப்போல நூறு மடங்கு அகலம். அதே ஜன்னலிலிருந்து ஐந்து மீட்டர் உள்ளே போனால் 11 டிகிரிதான், நிழல் மறுபடி இறுக ஆரம்பிக்கும்.

முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடப் பக்கத்தில் பிடிக்கும் தெர்மாகோல் அட்டையின் வேலையும் இதுதான். அதன் சொரசொரப்பான வெள்ளை, வெயிலை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் அட்டை மொத்தமும் ஒரு விளக்காக மாறுகிறது. கண்ணாடியை வைத்துப் பாருங்கள், பளிச்சென்று அடிக்கும், ஆனால் அதில் தெரிவது அதே அரை டிகிரி சூரியன்தான், நிழல் துளிகூட மென்மையாகாது.

வேப்பமரத்தடியில் நிறுத்தினால் போதுமே என்று ஒருநாள் கேட்டேன். முகத்தில் விழும் வட்டப் பொட்டுகளைக் காட்டினார். இலைகளின் சின்ன இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளை கேமரா, ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம் (பகுதி கிரகணத்தன்று அத்தனையும் பிறையாகிவிடும், அவ்வளவு அழகு). ஆனால் கன்னத்தில் அவை வந்தால் படம் கெட்டது.

சாயங்கால வெளிச்சத்தை எல்லோரும் நிறத்துக்காகப் புகழ்கிறார்கள். தொடுவானத்துக்கு அருகே வந்த சூரியனின் ஒளி உச்சி வெயிலைவிடப் பல மடங்கு அதிகக் காற்றைக் கடக்கிறது, நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது, அது சரி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: நேர் வெயில் பலவீனமாகிவிடுவதால் அகலமான வானத்தின் பங்கு கூடுகிறது, வெளிச்சமும் பக்கவாட்டில் வந்து புருவத்துக்குக் கீழே நுழைகிறது.

அப்புறம் கேமரா தூரம். மூக்கு நுனியிலிருந்து காது 12 சென்டிமீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் எடுத்தால், காதை ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெரிதாக விழும், இரண்டு மீட்டர் தள்ளிப்போனால் 6 சதவீதம்தான். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவதாகக் கவலைப்படுகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு பாட்டியைத் திண்ணை ஓரத்தில், தெருவைப் பார்க்க உட்காரவைத்து என்னை எடுக்கச் சொன்னார். "முகத்தைப் பாக்காத தம்பி, கண்ணுக்குள்ள பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். கருவிழியில் தெரு மேலே இருந்த வானம் ஒரு வெள்ளைப் பட்டையாக, பாதிக் கண்ணை நிறைத்துக்கொண்டு தெரிந்தது.