‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா? ஒப்புதலோடு அமையும் பலர் உறவுகள்

துணை இருக்கும்போதே இன்னொருவருடன் காதலோ உடலுறவோ கொள்வதென்று, அனைவரும் அறிந்து, பேசி, உடன்பட்டு வாழ்வது பற்றிக் கேட்டு இணையர்கள் இப்போது உளவியல் ஆலோசனைக்கு வருகிறார்கள். உடலளவில் மட்டும் நிற்கும் திறந்த உறவும், ஒரே காலத்தில் ஒருவருக்கு மேற்பட்டவரைக் காதலிக்கும் பாலியமரியும் இதில் அடங்கும். இது மனநோய் அன்று. எந்த நோய் வகைப்பாட்டு நூலிலும் இதற்கு இடமில்லை. மறைத்துச் செய்யும் துரோகமும் அன்று.

ஆனால் என்னிடம் வரும் பலரின் கதையில் வரிசை தலைகீழாக இருக்கிறது: உறவு முதலில் தொடங்கிவிடுகிறது, பிடிபட்ட பிறகே அனுமதி கேட்கப்படுகிறது. ஆகவே இருவரையும் தனித்தனியே சந்தித்து, “நீங்கள் வேண்டாம் என்றால் என்ன நடக்கும்?” என்று கேட்கிறேன். சொந்த வருமானமில்லாத, பிறந்த வீட்டுக்கும் திரும்ப முடியாத ஒரு பெண், “அவர் விட்டுப் போய்விடுவார்” என்று பதில் சொன்னால், அவர் தலையசைத்ததை நான் ஒப்புதலாகக் கணக்கில் கொள்வதில்லை. தனித்து விடப்படுவோமோ என்று அஞ்சி இசையும் ஆண்களும் உண்டு.

உண்மையாகவே இசைந்தவர்களுக்கும் பொறாமை வரும்; அதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. ஆணுறை, பரிசோதனை, நேரம், பணம், பிள்ளைகளுக்கு எது தெரியலாம் என்பவற்றை முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்ஐவி பரிசோதனை இலவசம். தொற்று ஏற்பட்ட புதிதில் முடிவு ‘இல்லை’ என்றே வரலாம் என்பதால், மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது.

உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை நீக்கியதால், திருமணத்துக்கு வெளியிலான உறவு இப்போது குற்றமல்ல. எனினும் விவாகரத்துக்கு அது இன்றும் ஒரு காரணம். இந்து திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவோ, அந்த உறவுக்கு உடந்தையாக இருந்தவர் அதையே காரணம் காட்டி விவாகரத்து கோருவதற்குத் தடையாக நிற்கிறது. இன்று இசைவது நாளை நீதிமன்றத்தில் எப்படி எடைபோடப்படும் என்பதை வருபவர்களில் அநேகமாக யாரும் யோசித்திருப்பதில்லை. வழக்கறிஞர் ஒருவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

எல்லோரும் மறந்துவிடுவது மூன்றாமவரை. இணையர் இருவரும் வகுத்த விதிகள் அவருக்கு அறிவிக்கப்படுகின்றனவே தவிர, அவரிடம் கலந்து பேசப்படுவதில்லை. இருவருக்குள் மனக்கசப்பு வந்தால் முதலில் கைவிடப்படுபவரும் அவரே. அதனால், வாய்ப்பிருந்தால் அடுத்த அமர்வுக்கு அவரையும் அழைத்து வரச் சொல்கிறேன்.