தோம்பு: சொல் விளக்கம்

இலங்கையின் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கால ஆவணங்களைப் புரட்டுபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சொல் தோம்பு. அரசு வைத்திருந்த பதிவேடு என்பது இதன் நேர்ப்பொருள். அதில் ஒரு வகை ஏட்டில் பெயர் ஏறுவதற்கு ஞானஸ்நானம் தேவைப்பட்ட ஒரு காலம் இருந்தது. ஆகவே பொருளைச் சொன்னால் போதாது, அந்தச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூலம் போர்த்துக்கீச மொழி. அங்கே 'தோம்போ' என்றால் அசையாச் சொத்துகளின் பதிவுப் புத்தகம். அதற்கும் பின்னால் நிற்பது கிரேக்கத் 'தோமொஸ்'. முதலில் நறுக்கிய துண்டையும், பிறகு நூலின் ஒரு தொகுதியையும் குறித்த சொல் அது. லிஸ்பனில் இருக்கும் போர்த்துக்கல் தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயர் இன்றும் 'தோரே தோ தோம்போ'தான். சாவி, மேசை, அலுமாரி வந்த அதே வழியில் இதுவும் தமிழுக்கு வந்தது. போர்த்துக்கீசரை விரட்டிய ஒல்லாந்தர் சொல்லை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். குற்றம் என்று பொருள்படும் பழந்தமிழ்த் 'தோம்' வேறு சொல், இதனோடு உறவில்லை.

ஒல்லாந்தரிடம் மூன்று வகைத் தோம்பு இருந்தது. காணித் தோம்பில் நிலம், உரித்தாளர், மரங்கள், வரி ஆகிய விவரங்கள் இருக்கும். தலைத் தோம்பில் வீடு வீடாக ஆட்களின் பெயரும், அவர்கள் அரசுக்குச் செய்யவேண்டிய ஊழியமும் இருக்கும். இவ்விரண்டும் எந்த அரசும் வைத்துக்கொள்ளும் கணக்குதான். மூன்றாவதான பள்ளித் தோம்பில்தான் சங்கதி இருக்கிறது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆட்சியில் ஊர்ப் பள்ளிக்கூடமே கோயில், அதுவே பதிவுக் கந்தோர் (அலுவலகம்). சட்டம்பியார் (பள்ளி ஆசிரியர்) வார நாளில் எழுத்தும் கிறித்தவ வினாவிடையும் சொல்லிக்கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை வாசிப்பார். ஊரில் நடக்கும் ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் தோம்பில் எழுதுவார். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டப்பணம் உண்டு. போதகர் சுற்றி வரும்போது காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். தோம்பைப் பார்வையிடுவதும் அந்தச் சுற்றின் ஒரு பகுதி.

இதில் சிக்கவைக்கும் கண்ணி வாரிசுரிமை. பள்ளித் தோம்பில் ஏறிய திருமணமே சட்டப்படியான திருமணம். ஏறாத திருமணத்தில் பிறந்த பிள்ளை தகப்பனுடைய காணியைக் கேட்டு வழக்காடினால் காட்டுவதற்கு ஆதாரம் இராது. முதலியார் (உள்ளூர்த் தலைமை அதிகாரி) போன்ற உத்தியோகங்களும் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து சபையான சீர்திருத்தச் சபையில் சேர்ந்தவருக்கே. யாரையும் வாளைக் காட்டி மதம் மாற்றவேண்டிய தேவையே இதில் இல்லை. காணியும் உத்தியோகமும் பிள்ளையின் பெயரும் ஒரே ஏட்டைப் பொறுத்திருந்தால், அந்த ஏட்டைத் தேடிச் சனம் தானாக வரும்.

கிறித்தவர்களையே இந்தச் சட்டம் எப்படி நடத்தியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்ற ஆணையும் அதே ஆண்டில் வந்தது. கத்தோலிக்கர் தம் குருவிடம் செய்துகொண்ட திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசேப் வாஸ் அடிகள் வேடம் மாறித் திரிந்தார், தமிழ் கற்றார், யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்து பணி செய்தார். 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவர். அவரை வேட்டையாடியவர்களும் கிறித்தவ ஆட்சியாளர்களே. அரசு ஒரு மதத்தைக் கையில் எடுத்தால், அந்த மதத்துக்குள் எந்தப் பிரிவு சரியானது என்பதையும் அரசே தீர்மானிக்கத் தொடங்கிவிடும். முதல் அடி பிற மதத்தாருக்கு, அடுத்த அடி உள்ளே மாறுபட்டு நிற்பவருக்கு.

பலன் என்ன? 1760ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவானவர்கள் 1,82,226 பேர். திருவிருந்தில் (அப்பமும் இரசமும் பகிரும் சபைச் சடங்கில்) பங்குபெறும் முழு உறுப்பினர்கள் 64 பேர். மன்னாரில் 9,820 பேருக்கு 5 பேர். திருவிருந்துக்கு நம்பிக்கையை வாயால் அறிக்கையிட்டுச் சோதனையில் தேறவேண்டும், ஞானஸ்நானத்துக்கு அவ்வளவு தேவையில்லை. அந்தச் சிறு வேறுபாட்டுக்குள்தான் இந்தப் பெரிய இடைவெளி முழுவதும் கிடக்கிறது. உள்ளபடி விசுவாசித்தவர் யார், காணிக்காகத் தலையை நனைத்துக்கொண்டவர் யார் என்று போதகருக்கே பிரித்தறிய வழி இல்லாமல் போயிற்று. சபைக்கு இதைவிடப் பெரிய கேடு வெளியிலிருந்து எதிரி வந்தாலும் செய்திருக்க முடியாது.

மற்றப் பக்கத்தில் சைவம் வீட்டுக்குள் போய் ஒடுங்கியது. விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுக்கும் என்று கூரை இறப்பில் (கூரையின் தாழ்ந்த விளிம்பில்) செருகி ஒளித்ததாக யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்வார்கள். போர்த்துக்கீசர் 1621இல் இடித்த நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1734இல் மீண்டும் எழுந்தது. அதைக் கட்டுவித்த இரகுநாத மாப்பாண முதலியார் ஒல்லாந்தர் கச்சேரியில் (அரச அலுவலகத்தில்) சிறாப்பர், அதாவது காசாளர். அவர் பெயருக்கு முன்னால் இருந்தது 'தொன் யுவான்' என்ற கிறித்தவப் பெயர். உத்தியோகத்துக்கு ஒரு பெயர், சன்னிதிக்கு ஒரு பெயர். இதற்காக அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை; இரண்டு பெயர் இல்லாமல் வாழமுடியாதபடி செய்தது சட்டம்.

ஆங்கிலேயர் வந்தபின் 1799இல் வெளியான பிரகடனம் எல்லோருக்கும் மனச்சாட்சி உரிமையையும் வழிபாட்டு உரிமையையும் வழங்கியது. கத்தோலிக்கருக்கு இருந்த சட்டத் தடைகள் 1806இல் நீங்கின. கட்டாயம் தளர்ந்ததும் தோம்புக் கிறித்தவர்கள் கலைந்தார்கள், பள்ளிக் கோயில்கள் பாழடைந்தன. மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கச் சபையோ நிலைத்து நின்றது. ஒல்லாந்தர் காலம் முழுவதும் அரசின் ஆதரவு இல்லாத சபை அது.

இனித் தமிழ்ச் சொல். பொதுவாகப் 'பதிவேடு' போதும். காணித் தோம்புக்குக் 'காணிப் பதிவேடு' என்றும், தலைத் தோம்புக்குக் 'குடிப் பதிவேடு' என்றும் எழுதலாம். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வரிப்பொத்தகம்' காணித் தோம்புக்கு நெருங்கிய பழஞ்சொல். பள்ளித் தோம்பை மட்டும் அப்படியே வைத்து, முதல் முறை வரும் இடத்தில் 'ஞானஸ்நான, திருமணப் பதிவேடு' என்று விளக்கம் சேர்ப்பது நல்லது. 'பள்ளிப் பதிவேடு' என்று எழுதினால் மாணவர் வரவு ஏடு என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.

குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு ஒன்று. பள்ளித் தோம்பில் முன்னோர் பெயர் கிடைத்தால் பிறந்த ஊர், பெற்றோர், மணவுறவு ஆகியவற்றை நம்பிக் குறித்துக்கொள்ளலாம். அவர் கிறித்தவராக வாழ்ந்தார் என்பதற்கு அதைச் சான்றாக எடுக்கக் கூடாது. அதற்குத் திருவிருந்து உறுப்பினர் பட்டியலைத் தேட வேண்டும்.