வயது ஏற ஏற வருடங்கள் ஏன் சுருங்குகின்றன?

“இப்போதுதான் ஜனவரி பிறந்த மாதிரி இருந்தது, அதற்குள் டிசம்பரா?” நாற்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. வயதானால் நேரம் வேகமெடுக்கும் என்று எல்லோரும் உறுதியாக நம்புகிறோம். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் சொல்வது கொஞ்சம் வேறு.

மார்க் விட்மன், சாண்ட்ரா லென்ஹாஃப் ஆகிய இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 14 வயது முதல் 94 வயது வரை 499 பேரிடம் கேட்டார்கள்: போன வாரம் எவ்வளவு வேகமாகப் போனது? போன மாதம்? போன வருடம்? கடந்த பத்து வருடம்? வாரம், மாதம், வருடம் பற்றிய கேள்விகளுக்கு இளைஞர்களும் முதியவர்களும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: வேகமாகப் போனது. வயதுக்கேற்ற வித்தியாசம் ஓரளவு துலக்கமாகத் தெரிந்தது பத்து வருடக் கேள்வியில்தான். அங்கேயும்கூட, ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் வயதின் பங்கு சுமார் பத்தில் ஒன்றைத் தாண்டவில்லை.

பாதி விடை இதிலேயே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிமிடத்தை அளப்பது வேறு, ஓடிப்போன பத்து வருடத்தை அளப்பது வேறு. முன்னதற்குக் கவனம் வேண்டும். பின்னதற்கு நினைவு மட்டும்தான் கையில் இருக்கிறது.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பால் ஜானே 1877-இல் முன்வைத்தது. பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் என்பது அது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஐம்பது வயதுக்காரருக்கு அது ஐம்பதில் ஒரு பங்குதான், அதனால் சிறிதாகத் தெரிகிறது என்றார். இந்தக் கணக்கை அப்படியே நீட்டினால் 5 முதல் 10 வயது வரை, 10 முதல் 20 வரை, 20 முதல் 40 வரை, 40 முதல் 80 வரை ஆகிய நான்கு கட்டங்களும் மனதுக்கு ஒரே நீளம். ஐந்து வயதிலிருந்து எண்ணத் தொடங்கி 80 வயது வரை வாழ்பவருக்கு, மனக்கணக்கில் பாதி ஆயுள் 20 வயதிலேயே முடிந்துவிடும்.

கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்ளும் கணக்குதான். ஆனால் போன வாரத்தைப் பற்றிக் கேட்டால் யாரும் தன் மொத்த ஆயுளை எடுத்து அதனால் வகுத்துப் பார்ப்பதில்லை. விகிதம்தான் காரணம் என்றால் வாரமும் மாதமும் வயதானவர்களுக்கு அதே அளவு சுருங்கியிருக்க வேண்டும். ஆய்வில் அப்படி வரவில்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே இதைக் கவனித்துவிட்டார். ஜானேயின் சூத்திரம் அனுபவத்தை ஓரளவு வர்ணிக்கிறதே தவிர புதிரை அவிழ்க்கவில்லை என்று எழுதிவிட்டு, நினைவில் சேரும் சரக்கு ஒரே மாதிரி ஆகிப்போவதுதான் வருடங்கள் சுருங்கக் காரணம் என்றார். அதற்குப் பிறகு வந்த சோதனைகள் பெரும்பாலும் அவர் காட்டிய திசையிலேயே போகின்றன.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம்

நினைவுக்குப் போகும் முன் கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம். நொடி, நிமிடம் அளவில் மூளை நேரத்தைக் கணிக்கிறது என்பதும், அந்தக் கணிப்பில், நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதும் விலங்குச் சோதனைகளில் தெரிந்த விஷயம். டோபமைனைத் தூண்டும் மருந்து கொடுத்தால் உள்கடிகாரம் முந்துகிறது. அதைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் பிந்துகிறது. உடல் சூடும் இதில் கை வைக்கும். அமெரிக்க உடலியலாளர் ஹட்சன் ஹோக்லாண்ட் 1930-களில், காய்ச்சலில் படுத்திருந்த தன் மனைவியை நொடிக்கு ஓர் எண் வீதம் அறுபது வரை எண்ணச் சொன்னார். காய்ச்சல் ஏற ஏற அவர் எண்ணும் வேகமும் ஏறியது.

வயதோடு டோபமைன் அமைப்பு மெல்லத் தளர்கிறது. அப்படியென்றால் கடிகாரமும் தளர வேண்டும். 1990-களில் உளவியலாளர் பீட்டர் மேங்கன் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்களையும் 60 முதல் 80 வயது வரை உள்ளவர்களையும் மூன்று நிமிடம் மனதுக்குள் கணிக்கச் சொன்னார். இளையவர்கள் சராசரியாக 3 நிமிடம் 3 நொடியில் நிறுத்தினார்கள்; முதியவர்கள் 3 நிமிடம் 40 நொடியில். பங்கேற்றவர்கள் மிகச் சிலர் என்பதால் இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த இடத்தில் பலர் திசையை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். உள்கடிகாரம் மெதுவானால் உலகமும் மெதுவாகத் தெரியும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். உங்கள் உள்கடிகாரம் 180 எண்ணி முடிப்பதற்குள் சுவர்க் கடிகாரம் 220 நொடி ஓடிவிட்டது. ‘அதற்குள்ளா?’ என்ற வியப்பு அங்கேதான் பிறக்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஸ்டாப்வாட்சை இன்னொருவர் கையில் கொடுங்கள். கண்ணை மூடி, நொடிக்கு ஒன்று என்று நீங்கள் நினைக்கும் வேகத்தில் 180 வரை மனதுக்குள் எண்ணி, முடிந்ததும் ‘நிறுத்து’ என்று சொல்லுங்கள். எத்தனை நொடி ஆனது என்பதை உடனே கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை உங்களை அறியாமலேயே திருத்திக்கொள்வீர்கள். வெவ்வேறு நாட்களில் ஐந்து முறை செய்து, கடைசியில் மொத்தமாகப் பார்த்துச் சராசரி எடுங்கள். காய்ச்சல், தூக்கக் கலக்கம், சற்று முன் குடித்த காபி எல்லாமே எண்ணிக்கையை அசைக்கும். அருகில் பாட்டு ஓடினால் அதன் தாளத்துக்கு எண்ணத் தொடங்கிவிடுவீர்கள்.

சரி, மேங்கனின் எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு எங்கே போய் நிற்கிறது? 183-ஐ 220-ஆல் வகுத்தால் 0.83. பன்னிரண்டு மாதம் பத்து மாதமாகத் தெரியும், அவ்வளவுதான். ‘பத்து வருடம் எங்கே போனதென்றே தெரியவில்லை’ என்ற உணர்வுக்கு இது போதாது. தவிர, வருடங்களை யாரும் நொடி நொடியாக எண்ணி வைப்பதில்லை.

குகைக்குள் தொலைந்த 25 நாட்கள்

மிஷேல் சிஃப்ரே என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 1962 ஜூலை 16 அன்று ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் இறங்கினார். வயது 23. கையில் கடிகாரம் இல்லை, சூரிய வெளிச்சம் இல்லை. உறங்கும்போதும், விழிக்கும்போதும், சாப்பிடும்போதும் மேலே இருந்த குழுவுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வார். அவர்கள் நேரத்தைச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு சோதனை இருந்தது: நொடிக்கு ஓர் எண் வீதம் 1 முதல் 120 வரை எண்ண வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய எண்ணிக்கைக்கு அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

செப்டம்பர் 14 அன்று சோதனை முடிந்துவிட்டது என்று குழு அறிவித்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் 25 நாட்கள் அவர் கணக்கிலிருந்து மறைந்துவிட்டன.

வயது மட்டுமே காரணம் என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர் கிழவர் இல்லை. குளிர், ஈரம், ஒரே கூடாரம், ஒரே இருட்டு. நேற்றையும் இன்றையும் பிரித்துச் சொல்ல அடையாளம் எதுவும் இல்லை. பல நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

நினைவு எப்படி நீளத்தை அளக்கிறது

புதிய அலுவலகத்துக்குப் போகும் முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருப்பத்தில் இறங்குவது, வாசல் எந்தப் பக்கம், லிஃப்ட் எங்கே, யார் முதலில் பேசினார், எந்த நாற்காலி ஆடியது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிகிறது. முந்நூறாவது நாளில் கால் தானாக நடக்கிறது. இருக்கையில் உட்கார்ந்த பிறகு, எப்படி வந்து சேர்ந்தோம் என்பதே நினைவில் இல்லை. மூளை சோம்பலாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே நடந்தால் அதற்குத் தனிப் பதிவு தேவையில்லை. மீண்டும் மீண்டும் வரும் ஒரே காட்சிக்கு நரம்பணுக்களின் எதிர்வினை குறைவது ஆய்வகங்களில் நன்கு தெரிந்த விஷயம்.

இடம் மாறும்போதோ, எதிர்பாராத ஒன்று நடக்கும்போதோ மூளை ஒரு நிகழ்வை முடித்து அடுத்ததைத் தொடங்குகிறது. நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் அந்த எல்லைகளில் சுறுசுறுப்படைகிறது. பின்னால் ஒரு காலத்தின் நீளத்தை மதிப்பிடும்போது, எத்தனை எல்லைகள் நினைவில் நிற்கின்றன என்பதைத்தான் பெருமளவு அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். முந்நூறு வேலை நாட்கள் ஒரே ‘வேலைக்குப் போனேன்’ ஆகிவிட்டால் அந்த வருடத்தை நீட்டிக் காட்ட நினைவின் கையில் எதுவும் இல்லை.

நரம்பியல் ஆய்வாளர் டேவிட் ஈகிள்மனும் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட சோதனை இதை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டியது. 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களைக் கீழே வலையில் விழ விட்டார்கள். மற்றவர்கள் விழுந்ததைவிடத் தாம் விழுந்த நேரம் சராசரியாக 36 சதவீதம் நீளம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். நேரம் அப்போது உண்மையிலேயே மெதுவாக ஓடியதா என்று பார்க்க, சாதாரணமாகப் படிக்க முடியாத வேகத்தில் எண்கள் மின்னும் கருவியைக் கையில் கட்டியிருந்தார்கள். விழும்போதும் யாராலும் அந்த எண்களைப் படிக்க முடியவில்லை. அந்தக் கணத்தில் உலகம் மெதுவாகவில்லை. அச்சத்தில் நினைவு நெருக்கமாகப் பதிந்ததால், திரும்பிப் பார்க்கையில் நீண்டது.

நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கையின் நினைவுகளைக் கேட்டால், 10 முதல் 30 வயது வரையிலான காலத்திலிருந்து அளவுக்கு மீறி நிறைய வந்து விழுவதும் இதோடு பொருந்துகிறது. முதல் வேலை, முதல் காதல், முதலில் தனியாக இருந்த வீடு எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கின்றன.

வயதுக்கும் இதில் ஒரு நேரடிப் பங்கு இருக்கலாம். 18 முதல் 88 வயது வரை 577 பேருக்கு 8 நிமிடப் படம் ஒன்றைக் காட்டியபோது எடுத்த மூளை ஸ்கேன்களை ஆராய்ந்து 2025-இல் ஒரு கட்டுரை வெளியானது. வயது கூடினால் மூளையின் சில பகுதிகள் ஒரே நிலையில் அதிக நேரம் நிற்கின்றன. அதே 8 நிமிடத்துக்குள் நிலைமாற்றங்கள் குறைவு. சுவையான கண்டுபிடிப்புதான். ஆனால் 8 நிமிடத்திலிருந்து பத்து வருடத்துக்குத் தாவுவதற்கு இன்னும் ஆதாரம் வேண்டும்.

இரண்டு கணக்கிலும் நஷ்டம்

வரிசையில் சும்மா நிற்கும் ஒரு மணி நேரம் நிற்கும்போது நீளம், மறுநாள் நினைவில் ஒன்றுமில்லை. புதிய ஊரில் சுற்றும் ஒரு மணி நேரம் சுற்றும்போது பறந்துவிடும், மறுநாள் நீளமாகத் தெரியும். மொபைலில் ஒன்றன் பின் ஒன்றாக வீடியோ தள்ளிக்கொண்டே போகும் ஒரு மணி நேரத்துக்கு இரண்டும் இல்லை. கவனம் முழுக்க அதில் இருப்பதால் போவதே தெரியாது. துண்டுகள் எதோடும் ஒட்டாததால் பின்னாலும் ஏதும் மிஞ்சாது. இது என் கணிப்பு என்றாலும், மேலே சொன்ன வழிமுறையிலிருந்து நேராக வருவது.

அவசரமும் அப்படித்தான். வில்லியம் ஃப்ரீட்மன், ஸ்டீவ் யான்சன் இருவரின் 2010 ஆய்வில், நேரம் போதவில்லை என்ற நெருக்கடியை அதிகம் உணர்ந்தவர்களே நேரம் விரைவதாகவும் அதிகம் சொன்னார்கள். ஆகவே ‘புதுசு புதுசாகச் செய்’ என்ற அறிவுரையைக் கேட்டு நாட்காட்டியை நிரப்பினால் வேலைக்காகாது. மூன்று நாளில் ஏழு இடம் பார்த்தால் ஏழும் கலந்துவிடும். இரண்டு இடம் பார்த்தால் இரண்டும் நிற்கும். பார்ப்பதையெல்லாம் படமெடுப்பதிலும் ஒரு சிக்கல். லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட அருங்காட்சியகச் சோதனையில், பொருளை முழுதாகப் படமெடுத்தவர்கள் வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை.

எளிதாகச் செய்யக்கூடியது, இரவில் ஒரு வரி எழுதி வைப்பது. ‘வேலை அதிகம், களைப்பு’ என்று எழுதினால் பயனில்லை. அது எந்த நாளுக்கும் பொருந்தும். பெயர், இடம், சொன்ன சொல், மணி என்று அந்த நாளுக்கு மட்டுமே பொருந்தும் ஒன்று வேண்டும். மாதக் கடைசியில் முப்பது வரிகளையும் படித்து, தேதியை மறைத்துக்கொண்டு, எது எந்த வாரம் என்று சொல்லிப் பாருங்கள். எங்கே சிக்குகிறீர்களோ அந்த வாரத்தில், அடுத்த மாதம் ஒரே ஒரு நாளின் வழியையோ, இடத்தையோ, உடன் இருக்கும் ஆளையோ மாற்றிப் பாருங்கள்.