ஆர்.டி.ஐ. மனுவில் எதைக் கேட்க வேண்டும்?

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சாலையைப் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போட்டார். சாலை போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஜல்லி பெயர்ந்துபோயிருந்தது. மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். "ஏன் இப்படித் தரமில்லாமல் போட்டீர்கள்? யார் பொறுப்பு? எப்போது சரிசெய்வீர்கள்?" என்று வரிசையாகக் கேள்விகள். ஒரு மாதம் முடியும் நேரத்தில் ஒற்றை வரியில் பதில் வந்தது: "கோரியவை தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை."

அவருக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் மனுவை எழுதிய விதத்தால்தான் அது திரும்பி வந்தது. இந்தச் சட்டத்தில் தகவல் என்றால் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற கோப்பு, ஆணை, பதிவேடு, ஒப்பந்தம், மின்னஞ்சல் போன்றவை. இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும். இல்லாத விளக்கத்தைப் புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றமும் 2011இல் இதையே சொல்லியிருக்கிறது. அதனால் "ஏன்" என்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். "நகல் கொடுங்கள்" என்றால் திறக்கும்.

இந்தச் சட்டம் பிறந்ததே நகல் கேட்டுத்தான். 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் கூலித் தொழிலாளர்கள் வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலையும் பில்களையும் கேட்டு வாங்கி, ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். இறந்துபோனவர்கள் பெயரிலும் கூலி எடுத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. தமிழ்நாடு 1997லேயே தனிச் சட்டம் போட்ட முதல் மாநிலம். இன்று நாம் பயன்படுத்துவது 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் மத்தியச் சட்டம்.

சரி, பெரியவரின் மனுவை எப்படி மாற்றி எழுதினோம்? தெருப் பெயர், வார்டு எண், நிதியாண்டு மூன்றையும் குறிப்பிட்டு, மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள், பில் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று நான்கே வரி. இதில் உயிர்நாடி அளவுப் புத்தகம்தான். 'எம் புக்' என்பார்கள். சாலையின் நீளம், அகலம், கனம் எல்லாம் அளந்து அதில் எழுதிய பிறகுதான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். அந்த நகலும் ஒரு டேப்பும் கையில் இருந்தால், தெருவில் நின்று நீங்களே அளந்து பார்த்துவிடலாம். அது மட்டுமல்ல, வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றிட்டு வாங்கவும் இந்தச் சட்டம் உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 'பொதுத் தகவல் அலுவலர்' என்று பதவிக்குத்தான் அனுப்ப வேண்டும், ஆள் பெயர் தேவையில்லை. மாநில அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்; மத்திய அலுவலகத்துக்கு அதே தொகைக்குப் போஸ்டல் ஆர்டர். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சான்றை இணைத்தால் கட்டணமே இல்லை. சாதாரண ஏ4 நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது, நீங்களும் சொல்ல வேண்டாம். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் பயமில்லை. 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

பதில் 30 நாளில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தகவல் அலுவலருக்குப் பெரும்பாலும் இது கூடுதல் வேலை. கோப்பு வேறொரு பிரிவில் இருக்கும். கேட்டால் எளிதில் வராது. அதற்காகவே சட்டத்தின் 5ஆம் பிரிவு, அவர் உதவி கேட்கும் அதிகாரியையும் தகவல் அலுவலராகவே கருதுகிறது. தக்க காரணம் இல்லாமல் தாமதித்தால், மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையம் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். அது அரசுப் பணம் அல்ல, அந்த அலுவலரின் சொந்தப் பணம். தெளிவான நான்கு வரி மனு அவருக்கும் நிம்மதி.

பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு செய்ய வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். அங்கே, மறுத்தது சரி என்று நிரூபிக்க வேண்டியது தகவல் அலுவலர்தான். அதனால் மனுவின் நகல், தபால் ரசீது, ஒப்புகை, பதில் வந்த உறை எதையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் பெரியவர் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, மனு போய்ச் சேர்ந்த தேதியைச் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.