தீ மட்டும் வெளுத்த பெட்டி

மும்பை சோர் பஜாரில், மட்டன் தெருவில், கிராமபோன் குழாய்களுக்கு நடுவே கிடந்த ஒரு பெட்டியை, பிரிட்டிஷ் பொம்மைக் கம்பெனி ஏர்ஃபிக்ஸின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை நாமே ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டியை, பேரம் பேசி 400 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே ஒரு சக்கரம் இல்லை, விமானத்தின் மேல் ஒட்ட வேண்டிய டீக்கல் (அடையாளப் படச்சீட்டு) எல்லாம் பொடியாக உதிர்ந்திருந்தது. மாட்டுங்கா வீட்டில் அம்மா திறந்து பார்த்துவிட்டு, "இந்த டப்பாவுக்கா நானூறு?" என்றாள்.

டப்பாவுக்குத்தான். உள்ளே இருப்பது 1/72 அளவு பிளாஸ்டிக், நிஜத்தில் 11.2 மீட்டர் வரும் இறக்கை இதில் பதினைந்தரை சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. ஒட்டி முடித்தால் அலமாரியில் சும்மா நிற்கும். மூடியில் வரைந்திருக்கும் விமானமோ ஒருபக்கம் சாய்ந்து நம் முகத்துக்கு நேராக வருகிறது. கிட்டே உள்ள இறக்கை பெருத்தும் தூரத்து இறக்கை சட்டென்று சிறுத்தும் இருக்கிறது, புரொப்பல்லர் இருக்க வேண்டிய இடத்தில் இதழ்களே இல்லை, புகைபோல ஒரு வட்டம் மட்டும்தான், ஏனென்றால் வேகமாகச் சுற்றும்போது நம் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். 1964 முதல் பத்து வருடம் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளுக்கு வரைந்த ராய் கிராஸ், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானக் கம்பெனியில் தொழில்நுட்பப் படம் வரைந்தவர். எதை வரையவேண்டும், எதை விடவேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

சரி, அசையாத படம் எப்படிப் பாய்கிறது? மூளையில் அசைவைக் கவனிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஓடுகிற, குதிக்கிற ஆட்களின் வெறும் புகைப்படத்தைக் காட்டினாலே, சும்மா நிற்பவர்களின் படத்தைவிட அது கூடுதலாக வேலை செய்கிறது என்று 2000-இல் வந்த ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. அடுத்த நொடி என்ன ஆகும் என்பதை மூளையே போட்டு நிரப்பிக்கொள்கிறது.

என் பெட்டியில் வேறொரு வேடிக்கை. வானம் நீலமாகவே இருக்கிறது, பின்னால் எரியும் விமானத்தின் தீ மட்டும் சாம்பலாகிவிட்டது. அச்சில் தீயை உண்டாக்குவது மஞ்சள் மையும் மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு-இளஞ்சிவப்பு மையும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அவற்றின் மூலக்கூறுகள் முதலில் உடையும். நீல மையும் கரி கலந்த கறுப்பும் லேசில் அசையாது. ஆனாலும் விமானம் இன்னும் பாய்கிறது! அசைவை உணரும் பகுதி நிறத்தைவிட வெளிச்சம், நிழல் வேறுபாட்டைத்தான் பெரிதும் நம்பும், அதனால்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

மூலையில் ஒரு பழைய விலைச்சீட்டு இருந்தது. நகத்தால் மெல்ல உரித்தேன். அடியில் கட்டைவிரல் அகலத்துக்குத் தீ, நேற்று அச்சடித்ததுபோல ஆரஞ்சாக. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.